செம்புக் குடுவையின் விதி

குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் மாடி ஹாலில், வடகரை மெஹர் பானு சீட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு உட்கார்ந்தபோதே பாதி துபாய்க்குப் போய்விட்டாள் என்று வையுங்கள். முதல் பரிசு, அடுத்த மாதம் துபாயில் நடக்கும் பெரிய போட்டிக்கு டிக்கெட்டும் விசாவும். அங்கேதான் அவள் புருஷன் முஃபீத் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்காமல் மூன்று வருஷமாக ஊர்ப் பக்கமே வரவில்லை. போட்டிக்கு வந்ததை அவனிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. திடுதிப்பென்று போய் முன்னால் நிற்க வேண்டும், அவன் முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இந்தச் சீட்டு விளையாட்டை வீடியோ காலில் கற்றுக் கொடுத்ததே அவன்தான். அரக்கர் சீட்டும் வீரர் சீட்டும் சண்டை போட்டுச் சாகும். மந்திரச் சீட்டு ஒருதரம் வேலை செய்துவிட்டுப் போய்விடும். ஆர்ட்டிஃபேக்ட் சீட்டு அப்படியில்லை, அது ஒரு பொருள். சண்டைக்கே போகாது. மேஜையில் வைத்தால் வைத்ததுதான், போட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். மெஹரிடம் இருந்தது செம்புக் குடுவை. முஃபீத் அங்கிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்டது. ஜப்பான் எழுத்தில் அச்சடித்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் புரியாது. சுற்றுக்கு ஒரு சீட்டு உனக்குக் கூடுதலாகத் தரும் என்று அவன் சொன்னதுதான் அவளுக்குச் சட்டம்.

காலையிலிருந்து நாலு ஆட்டம் ஜெயித்தாள். ஒன்றிலும் குடுவை கைக்கு வரவில்லை. இறுதி ஆட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே வந்தது. விடுவாளா? போட்டாள், கூடுதல் சீட்டை எடுத்தாள். எதிரே தென்காசியில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜெனோ. தன் முறை வந்ததும் அவனும் சாவகாசமாக இரண்டு சீட்டு எடுத்தான்.

மெஹருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எதுக்கு ரெண்டு என்று கேட்டாள்.

"குடுவை ரெண்டு பேருக்குந்தானக்கா தருது," என்றான் ஜெனோ.

ஏய்க்கப் பார்க்கிறான் என்று நடுவர் வல்லிநாயகத்தைக் கூப்பிட்டாள். அவர் அந்தச் சீட்டின் இங்கிலீஷ் வாசகத்தைப் போனில் தேடியெடுத்து அவள் பக்கம் திருப்பினார். யார் போட்டாலும், ஆடுகிற ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு ஒரு சீட்டு கூடுதல். படித்தாள். மறுபடி படித்தாள். போட்டதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அவள் போட்ட குடுவை அவள் கண் முன்னாலேயே ஜெனோவுக்கு அள்ளிக் கொடுத்தது. நாலாவது சுற்றில் அவன் எடுத்த கூடுதல் சீட்டு எரிமலை நாகம், அரக்கர் சீட்டிலேயே பெரியது. அதோடு ஆட்டம் முடிந்தது.

மாடிப்படியில் நின்று முஃபீதுக்குப் போன் போட்டாள்.

"மச்சான், இங்க ஒரு போட்டிக்கு வந்து கடைசி ஆட்டத்துல தோத்துட்டேன். குடுவை ரெண்டு பேருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றான். ஆரம்பத்தில் அவள் தோற்றுக்கொண்டே இருந்தாளாம். பத்து நிமிஷத்தில் சலித்துப்போய்ப் போனை வைத்துவிடுவாளாம். குடுவை உனக்கு மட்டும்தான் என்று அவன் சொன்ன அன்றைக்கு ஜெயித்துவிட்டு, இரண்டு மணி நேரம் பேசினாளாம்.

"அப்புறம் எப்படிப் புள்ள மாத்திச் சொல்லுவேன்? ஒன் முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு."

அட பாவி மனுஷா! அத்தனை நாளும் தனக்கு வரவேண்டிய சீட்டை எடுக்காமலே தோற்றிருக்கிறான். ஏசுவதா அழுவதா என்று மெஹருக்கு விளங்கவில்லை. அவனோ, இன்று யாரோடு விளையாடினாய், தோற்றால் போகிறது, அப்படி என்ன பெரிய பரிசு என்று கேட்டுச் சிரித்தான்.

"துபாய் டிக்கெட்டு மச்சான். அடுத்த மாசம் ஒங்ககிட்ட வந்திருப்பேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் குடோனில் யாரோ முஃபீத், முஃபீத் என்று கூப்பிடுவது கேட்டது. அவன் போனை வைக்கவில்லை.