முன்பக்கத்துச் சேலை

எங்கள் குடும்பப் படம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. ஆண்களுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் போட்டிருக்க வேண்டும். பெண்களுக்குப் பட்டுச் சேலை. நடு நாற்காலியில் நான், பக்கத்தில் என் மனைவி. கப்பல் வேலையில் இருக்கும் மூத்தவன் விடுப்பில் வந்ததும் ஸ்டூடியோவுக்குச் சொல்லிவிட்டேன். அன்று காலை எல்லோர் துணியையும் கூடத்துச் சோபாவில் பரப்பச் சொல்லிப் பார்வையிட்டேன். பேத்தி முழங்கால் கிழிந்த பேன்ட் ஒன்றை நீட்டினாள்.

"தாத்தா, இது விலை அதிகம்."

"கிழிச்சதுக்குத் தனியா கூலி வாங்கியிருப்பான். உள்ள வை."

மற்றதெல்லாம் தேறிவிட்டது. மனைவியின் துணி மட்டும் சோபாவில் இல்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ரவிக்கைக்குள் நுழையாது. எழுந்து நிற்கவும் முடியாது. நிற்காமல் சேலை கட்டுவது எப்படி? முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிதான் உடை. யாராவது வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திவிடுவோம். என் மனைவியைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது.

"என்னை விட்டுட்டு எடுத்துக்குங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"நீ இல்லாம படமா? அதுக்கு வெறும் சுவத்தை எடுக்கலாம்."

"அப்ப நைட்டியோட வரட்டுமா?"

அப்படி எடுத்தால், படம் சுவரில் தொங்குகிற காலமெல்லாம் பார்க்கிறவன் கண் அந்த நைட்டிக்குத்தான் போகும். ஸ்டூடியோவுக்கு வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன்.

"மாமா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் இளைய மருமகள். துணிக்கடையில் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மைகளுக்கு உடுத்துவது அவள் வேலை. "எங்க கடையில உக்காந்த பொம்மை ஒண்ணு இருக்கு. கை அசையாது, எழுந்தும் நிக்காது. ரவிக்கையை முதுகுல நேரா வெட்டி, முன்னாலேருந்து மாட்டுவோம். சேலையைச் சுத்தவே வேண்டாம். கொசுவத்தை மடியில வச்சு, முந்தானையைத் தோள்ல போட்டு, பின்னால கிளிப் போட்டாப் போதும். முன்னால பாத்தா ஒண்ணும் தெரியாது."

"என் பெண்டாட்டி என்ன கடைப் பொம்மையா?"

குரல் உயர்ந்துவிட்டது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் உள்ளறையிலிருந்து வந்தது.

"பொம்மையாவது நாலு பேர் பாக்க உக்காந்திருக்கு. நான் கதவுக்குப் பின்னால உக்காந்திருக்கேன்."

சட்டைப்பையிலிருந்த பீரோச் சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினேன்.

"அரக்குக் கலர் சேலை. அதோட ரவிக்கையை வெட்டிக்க."

கதவுக்குப் பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

"கடையில உள்ளதெல்லாம் கம்முனு இருக்கும் அத்தை. நீங்கதான் இந்த ஆட்டம் ஆடறீங்க."

"அதுங்களுக்குக் கூச்சம் இல்லையேடி."

இருவரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

சக்கர நாற்காலியில் வெளியே வந்தவளைப் பார்த்ததும் மூத்தவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதுகை ஒரு சால்வையால் மூடி அழைத்துப் போனோம்.

ஸ்டூடியோவில் சால்வையை எடுத்துவிட்டு அவளை நாற்காலியில் சாய்த்ததும் முகம் சுளித்தாள். கிளிப்புகள் உறுத்தின. முன்னால் நகர்த்தியதும் இடப்பக்கம் சரிந்தாள்.

"நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன்" என்றாள் மருமகள்.

"நீ இங்க உக்காரு" என்று நடு நாற்காலியைக் காட்டினேன்.

"அது உங்க இடம் மாமா."

"என் இடத்தை நான்தானே குடுக்கிறேன். உக்காரும்மா."

மனைவிக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றேன். கிளிப்புகளுக்கு நடுவே வலது உள்ளங்கையை வைத்து அவளைத் தாங்கிக்கொண்டேன்.

"கை சில்லுனு இருக்கு" என்றாள்.

"பேசாம முன்னால பாரு."

படம் கூடத்தில் தொங்குகிறது. உள்ளறைக் கதவை இப்போது சாத்துவதில்லை. குடும்பத் தலைவர் நிற்கிறார், சின்ன மருமகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. அவளை எங்களுக்குக் கொடுத்த வீட்டாருக்கு என் கும்பிடு என்று மட்டும் சொல்வேன். மீதியை நைட்டியோடு உட்கார்ந்தபடி மனைவி சொல்லிவிடுகிறாள்.

"அவரோட வலது கையைப் படத்துல தேடாதீங்க. அது என் முதுகுல இருக்கு."