நாற்பது ஆப்பிள்

உணவியல் துறையின் முதலாண்டுக் குழுவுக்கு மேல்வகுப்பு மாணவத் தலைவர்களை அறிமுகப்படுத்தும்போது பூங்கொத்தும் கிடையாது, புகழுரையும் கிடையாது. முந்தின நாள் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை வாய்க்குள் போன அத்தனையையும் தலைவர்கள் ஒரு தாளில் எழுதித் திரையில் காட்ட வேண்டும். அதுதான் அறிமுகம். அதைப் பார்த்து முதலாண்டுப் பிள்ளைகளும் தங்கள் தாளை நிரப்புவார்கள். ஒரு வருட ஆய்வுக்கு அந்தத் தாள்கள்தான் அஸ்திவாரம்.

போன வருடம் அந்த அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிட்டது. நாற்பது பேர், நாற்பது ஆப்பிள். ஒருவர்கூட ஒரு பிஸ்கட்டைத் தொடவில்லையாம். துறைத்தலைவர் மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் கதை எழுதிக் குடுத்தீங்கன்னா குழுவையே கலைச்சிடுவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

தராசு அதற்கெல்லாம் அசரவில்லை. எதைச் சாப்பிட்டாலும் எடை போட்டுப் பார்ப்பதால் வந்த பட்டப்பெயர் அது. போன வருடமும் அவள்தான் தலைவி. பிள்ளைகள்தான் பொய் சொன்னார்கள், தன் மேல் ஒரு குறையும் இல்லை என்பது அவள் கட்சி.

"இவங்கதான் தராசு அக்கா. பக்கத்துல உக்காந்தா உங்க தட்டையும் எடை போட்டுடுவாங்க, ஜாக்கிரதை" என்று அறிமுகப்படுத்தினான் இன்னொரு தலைவனான நெட்டை. வகுப்பு சிரித்தது. அவள் தாள் திரையில் விரிந்தது. ஓட்ஸ் நாற்பது கிராம். அவித்த முட்டை ஒன்று. கேரட், வெள்ளரிக்காய், ஆப்பிள் ஒன்று. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அதுவரை தங்கள் தாளில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பென்சில்கள் நின்றன. பிறகு வேறொரு சத்தம் கேட்டது. முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தாள். திரையை ஒரு பார்வை, தாளை ஒரு பார்வை. அழித்த இடத்தில் அவள் 'ஆப்பிள்' என்று எழுதுவது மேடையிலிருந்தே தெரிந்தது. அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ரப்பரைத் தேடினார்கள்.

தராசுக்குச் சுருக்கென்றது. போன வருடமும் இதே மேடை, இதே ஆப்பிள். பொய்யை ஆரம்பித்து வைத்ததே தான்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுகிற ஜாதி இல்லை அவள்.

"லைட்டைப் போடு. அந்தத் தாளை எடுத்துடு" என்றாள்.

"என்ன பண்ற நீ?" என்று நெட்டை பல்லைக் கடித்தான்.

"உண்மையைச் சொல்லப் போறேன். அடுத்தது நீதான், தயாரா இரு."

பலகையில் எழுத ஆரம்பித்தாள். காலை, ஒன்றுமில்லை, எழுந்ததே பத்தரைக்கு. மதியம், உருளைக்கிழங்கு வறுவல், பெரிய பாக்கெட். சாயங்காலம், தம்பிக்கு எடுத்து வைத்திருந்த கேக்கில் பாதி, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டே.

"எத்தனை கிராம் அக்கா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எடை போடலை. போட தைரியம் வரலை. அம்மா கேட்டப்போ தெரியாதுன்னு சாதிச்சுட்டேன். நீங்க யாரும் எங்க வீட்டுப் பக்கம் வந்து போட்டுக் குடுத்துடாதீங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நெட்டை தன் தாளை நாலாய்க் கிழித்துவிட்டு, பலகையில் 'நூடுல்ஸ், மூன்று வேளையும்' என்று எழுதினான். அதன் பிறகு ரப்பர்கள் சும்மா கிடந்தன. பென்சில்கள்தான் ஓடின.

தாள்களை அவளே வாங்கினாள். ஒன்றிலும் ஆப்பிள் இல்லை. கடைசியாகக் கண்ணாடிக்காரி வந்தாள். அழித்து அழித்து அவள் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 'ஒரு வாரமாக பிஸ்கட் மட்டும். ஹாஸ்டலில் யாரையும் தெரியாது. தனியாகச் சாப்பிடப் போகக் கூச்சமாக இருக்கிறது.'

தராசு அதை இரண்டு முறை படித்தாள். தாளை மற்றவர்கள் கண்ணில் படாமல் கட்டின் அடியில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உன் ரூம் வாசல்ல நிப்பேன்" என்றாள்.

"நீங்க எழுந்திரிக்கிறதே பத்தரைக்குத்தானே அக்கா?"

"அது நேத்து" என்றாள் தராசு.