லார்க்கின் கடை

"உள்ள வராதீங்க தம்பி," என்று ஷாமளா வாசல் கேட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கணவனின் தம்பி மணியம் மாலையோடு நின்றான். உள்ளே, டிவி அலமாரியைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு இடம் செய்த ஹாலில், அவள் கணவர் கமலநாதன் பெட்டிக்குள் கிடந்தார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மாலைய மட்டும் போட்டுர்றேன் அண்ணி."

"நான் செத்தாலும் அவன் என்னைத் தொடக் கூடாதுன்னு உங்க அண்ணன் சொல்லியிருக்காரு. உங்களுக்கும் தெரியும். நான் எப்படி மீறுவேன்?"

மணியம் மாலையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி யாருடைய காருக்கோ பக்கத்தில் போய் நின்றான்.

தூரத்தில் காஹாங் ஊரில் அவர்கள் இருவருடைய அப்பா இறந்த அன்றுதான் மணியம் இங்கே தம்போயில் டிவிடி வாடகைக்கு விடும் படக்கடை திறந்தான். வந்த கூட்டத்தை விட மனசில்லாமல், வியாபாரம் முடிந்த பிறகே கடையை மூடிவிட்டு அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்தாகிவிட்டது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தம்பி கடை இருந்தும், அங்கே டிவிடி எடுக்கக் கூடாது என்பது கமலநாதன் போட்ட சட்டம். பத்து வருஷமாக ஷாமளா ஃபேக்டரி வேலை முடிந்த கையோடு பஸ் மாறி லார்க்கினுக்குப் போய் அங்கே ஒரு கடையில் எடுத்து வந்தாள். அந்தக் கடைக்காரன் டிஸ்க்கை மண்ணில் போட்டுத் தேய்ப்பானோ என்னவோ, பாதிக்கு மேல் எந்தப் படமும் ஓடாது. கதாநாயகன் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பான். "பரவால்ல லா, பார்த்த வரைக்கும் போதும்," என்று கமலநாதன் படுக்கப் போய்விடுவார். இப்படியும் ஒரு ரோஷமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த வாரம் பஸ் ஏறுவாள்.

பெட்டியைத் தூக்கக் கூடப் பிறந்த கை ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தார்தான் தூக்கினார்கள். எதிர்ப்பக்கம் நின்ற மணியம் இரண்டு எட்டு முன்னால் வந்தான். ஷாமளா பார்த்ததும் நின்றுவிட்டான். வண்டி கிளம்பிப் போனது. கடைசிவரை அவர் சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

சாயங்காலம் வீட்டைக் கழுவிவிட்டு, மகள் லோஷினி டிவி அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். தண்ணீர் பட்டிருக்குமோ என்று பிளேயரைப் போட்டுப் பார்த்தாள். தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு டிஸ்க் இருந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை. நடுவில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் மணியம் கடைப் பெயர்.

ஷாமளா அதைக் கையில் எடுத்தாள். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க கோயிலுக்குப் போற அன்னிக்கு அப்பா போய் எடுத்துட்டு வருவாரும்மா. பாதியில நின்ன படத்த மீதி பார்க்க."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"இல்ல. அப்பா எடுத்து மேசையில வைப்பாரு, சித்தப்பா பையில போட்டுக் குடுப்பாரு. போன வாரந்தான் சித்தப்பா ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாராம். அப்பா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தாராம்."

"காலையில ஏண்டி சொல்லல?"

"உங்கள பஸ்ல அலைய விட்டுட்டு, தான் மட்டும் அங்க போறத உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரும்மா."

அம்மாவும் மகளும் ஆளுக்கொரு சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். காலையில் கேட்டைப் பிடித்த தன் கையைப் பார்க்க ஷாமளாவுக்குப் பிடிக்கவில்லை.

அலமாரிக்குப் பின்னால் கிடந்த உறையைத் தேடி எடுத்து, டிஸ்க்கை அதில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். துக்க வீட்டில் இருந்துகொண்டு இன்றைக்கு வெளியே போகக் கூடாதே என்றாள் லோஷினி. ஷாமளா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். கேட்டில் மாலை வாடித் தொங்கியது.

மணியத்தின் கடை மூடியிருந்தது. காலையிலிருந்தே திறக்கவில்லை என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சீனர் சொன்னார். ஷட்டருக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. தம்பி என்று கூப்பிட நினைத்தாள். காலையில் அதே வாய்தான் அவனை உள்ளே வராதே என்றது. கடை மூடிய நேரத்தில் படத்தைத் திருப்பிப் போட ஷட்டரில் ஒரு நீளத் துளை வெட்டியிருந்தார்கள். அதில் உறையை நுழைத்தாள்.

விழுகிற சத்தம் கேட்கவில்லை. உள்ளிருந்து ஒரு கை மறுமுனையைப் பிடித்திருந்தது. ஷாமளாவும் தன் முனையை விடவில்லை.