அம்மாவின் கல்வெட்டில் கப்பல்காரர்

பெட்டிகள் இரண்டும் காலை எட்டு மணிக்கே சிட்னியின் கிரவீன் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டன. உள்ளே இருந்தவை கல்வெட்டுகள். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் நினைவுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தார் வைத்த பெயர் அது. மூன்று பரம்பரை கழிந்தாலும் அதில் யாருடைய பெயர் விடுபட்டது என்பதைச் சனம் மறக்காது.

சந்திரவதனா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அட்டையில் அம்மா. நாகலட்சுமி ரீச்சர், இருபத்தேழு வருடம் கணக்குப் படிப்பித்தவர், கடைசிப் பதினொரு வருடம் இந்த வீட்டு முன்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். முதல் பக்கத்தில் தேவாரம். அடுத்த பக்கத்தில் அம்மாவைப் பற்றி ஒன்பது வரி. அதிலும் 'அன்பான இல்லத்தரசி'யாம். பள்ளிக்கூடம் என்ற சொல்லையே காணவில்லை.

அதன் பிறகு கப்பல்காரர் தொடங்கினார்.

பதினாறு பக்கம். பருத்தித்துறைக் கப்பல்கார அம்பலவாணர், உடையார் பரம்பரை, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பெரும் வியாபாரி. ஐந்து பாய்க்கப்பல். போகும்போது மலையாளக்கரைக்குப் புகையிலை, வரும்போது தேக்கும் ஓடும். வெள்ளைக்காரத் துரையோடு ஒரே மேசையில் விருந்து. மாடி வைத்த மெத்தை வீடு. கோயிலுக்குத் தேர். நடுப்பக்கத்தில் வண்ணப்படம் வேறு. அவருடைய படம் எவரிடமும் இல்லாததால் அண்ணன் கம்ப்யூட்டரைக் கொண்டு ஒன்று கீறுவித்திருந்தார். தலைப்பாகை அந்தக் காலத்தது, மூக்கு மட்டும் அண்ணனுடையது.

இத்தனைக்கும் அந்த மனிதர் அம்மாவின் வழியே இல்லை. அப்பாவின் பூட்டனார்.

அண்ணன் ஆனந்தராஜா இருப்பது மெல்பேர்னில், ட்ருகனினாவில். அம்மா படுத்திருந்த பதினொரு வருடத்தில் அவர் வந்துபோன தடவைகளை எண்ணக் கிரவீன் சனத்துக்கு ஒரு கை விரல்களே மிச்சம். செத்தவீடு முடிந்த கையோடு "கல்வெட்டை நான் பாக்கிறன், நீ சமையலைப் பார்" என்றார். ஏனென்று இப்போதுதான் விளங்கியது. அவருடைய மகன் லக்சனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் வீட்டார் இன்று மத்தியானம் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

நேற்றே சிட்னிக்கு வந்து ஹோட்டலில் தங்கியிருந்த அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, இது ஆரின்ர கல்வெட்டு?"

"வந்திட்டுதோ? படம் கிளியரா விழுந்திருக்கோ?"

"அம்மா ரீச்சர் எண்டு ஒரு வரி இல்லை."

"அவ படிப்பிச்சது எல்லாருக்கும் தெரியும்தானே. கப்பல்காரரைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது. நாலு பேர் கூடுற இடத்தில எங்கட பரம்பரை தெரியவேணும், வதனா."

"முதல் கப்பல் ஆரின்ர சீதனத்தில வாங்கினது எண்டு எழுதினனீங்களோ?"

அண்ணன் இருமினார். "அதெல்லாம் பெண்டுகள் குசினிக்கை கதைக்கிறது."

குசினிக்குள் அதைக் கதைத்தது அம்மாதான். மெத்தை வீட்டுக்கு மருமகளாகப் போனபோது மாமியார் சொன்ன கதை. கப்பல்காரரின் மனைவி வள்ளிப்பிள்ளையின் நகையையும் காணியையும் விற்றுத்தான் முதல் கப்பல் கடலில் இறங்கியதாம். அவர் கடலில் இருந்த மாதங்களில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் நின்று புகையிலையைப் பதம் பார்த்துச் சிப்பம் கட்டுவித்ததும் அவள்தானாம். துரைக்கு விருந்து வைத்த அன்று மட்டும் அவளைப் பின்கதவுக்கு அங்கால் நிற்கச் சொல்லிவிட்டாராம். பதினாறு பக்கத்தில் அவளுக்குக் கிடைத்தது, பெயர்கூட இல்லாமல், 'நற்குணவதியான பாரியார்'.

சந்திரவதனாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கைதான் வேகமாகும். பக்கத்து வீட்டு வேதவல்லி பெரிய சட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தபோது, மேசையெல்லாம் புத்தகம். இவள் கையில் வெண்ணெய்க் கத்தி.

"என்னங்க, மாமி புக்குல தலைப்பாகை கட்டிக்கிட்டு யாரு?"

"அப்பாவின்ர பூட்டன்."

"அவருக்கு இங்க என்ன வேலை?"

சென்னைக்காரிக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது சொந்த அண்ணனுக்கு விளங்கவில்லையே என்று சந்திரவதனாவுக்கு இன்னும் எரிந்தது. புத்தகத்தை நடுவில் பிணைத்திருந்தது இரண்டு கம்பிதான். நிமிர்த்தினால் கப்பல்காரர் கப்பல், தேர், துரை சகிதம் நான்கு தாளாகக் கழன்று வந்தார். கம்பியைத் திரும்ப மடித்துவிட்டால் புத்தகம் புத்தகமாகவே இருந்தது. வேதவல்லி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் ஒரு கத்தி எடுத்தாள். நூற்றைம்பது புத்தகமும் பதினொரு மணிக்குள் முடிந்தது.

வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் ஆனந்தராஜா பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்து, வாசிக்கப் புத்தகத்தை விரித்தார். ஒரு தாள் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் வந்தார்.

"மிச்சப் பக்கங்கள் எங்க?"

"நான்தான் கழட்டினனான்."

"பொம்பிளை வீட்டார் இருக்கினம். மானத்தை வாங்காதை."

"கப்பல்காரருக்கு முப்பத்தொண்டு எப்பவோ முடிஞ்சுது அண்ணா. இண்டைக்கு அம்மாக்கு."

சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தாள். அன்ரிமார் புத்தகத்தைப் புரட்டினார்கள். தேவாரம், ஒன்பது வரி, நன்றி நவிலல். அரை நிமிடத்தில் மூடி மடியில் வைத்துவிட்டார்கள். கப்பல்காரரைக் கழற்றியாயிற்று. அம்மா இன்னும் அந்த ஒன்பது வரிக்குள்தான், இன்னும் இல்லத்தரசியாகத்தான் கிடந்தார். நல்லா வெட்டினாய், என்ன எழுதினாய் என்று தன் மேலேயே கோபம் பொங்கியது.

எழுந்துபோய் மைக்கை எடுத்தாள்.

"கல்வெட்டில ஒரு பிழை இருக்கு. அம்மா கணக்கு ரீச்சர். நாலு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ. முதலாவதுக்குப் போக விடியக் காலமை அஞ்சு மணி பஸ் பிடிக்கவேணும்..."

"வதனா, காணும், நிப்பாட்டு." ஆனந்தராஜா பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

அந்தக் கை நீட்டியபடியே நின்றது. அவள் பேச்சில் மூன்றாவது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். மைக்கைக் கொடுக்கவில்லை.