சிலிக்கான் காயும் வரை

குளியலறையில் மூன்று பேர். குளியல் தடுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்த மச்சான். வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்த மாமனார். கண்ணாடி மாட்ட வந்த மருமகன். அவன் மனைவி சமையலறையில் இருந்தாள். மாமியார் வீட்டில் இல்லை. அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றே கிளம்பிப் போயிருந்தாள்.

மனைவி பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். "யோசிக்கக் கொஞ்ச நாள் வேணும்" என்று மட்டும்தான் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாளை அவன் கொடுக்கவில்லை. ஓயாமல் போன் செய்தான். தெருமுனையில் நின்றான். அவள் எண்ணை மாற்றினாள். இந்த வீட்டுக் குளியல் தடுப்பு ஒழுகுகிறது என்று மச்சான் வாய்தவறிச் சொன்னதும், ஊரில் வேறு ஆளே இல்லாத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மெதுவா அத்தான். என் கால்ல போட்டீங்கன்னா அக்காவுக்கு இன்னொரு காரணம் கிடைச்சிடும்."

"வாயை மூடிட்டு மேல தூக்குடா."

கண்ணாடி அலுமினியச் சட்டத்துக்குள் இறங்கி ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார்ந்தது. ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது. இரு பக்கமும் டேப் ஒட்டி, அடியில் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையை ஒரே இழுப்பில் போட்டான். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்துவிட்டான். புளித்த நெடி கிளம்பியது. கோடு கோணவில்லை.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. எப்பக் குளிக்கலாம்?"

"ஒரு நாள் காயணும். அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"அப்ப நாளைக்கு வாங்க. நீங்களே தண்ணி விட்டுப் பாருங்க. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்."

இரண்டு மாதமாக அவன் பிச்சை கேட்டது இதைத்தான். ஆனால் நாளைக்குள் மாமியார் திரும்பிவிடுவாள். ஓதிவிடுவாள். இவள் மனம் மாறும்.

"இப்பவே பேசலாமே."

"நாளைக்குன்னு சொன்னேன்."

"மாப்ள, அதான் அவளே சொல்றாளே" என்றார் மாமனார். "ஒரு ராத்திரிதானே, போயிட்டு வாங்க."

"இது உசத்தி சிலிக்கான் மாமா. இதுக்குள்ள பிடிச்சிருக்கும். பாருங்க, ஒரு சொட்டு வராது. பார்த்துட்டுப் பேசிடலாம்."

"அத்தான், வேணாம்" என்றான் மச்சான்.

அதற்குள் மருமகன் குழாயைத் திறந்துவிட்டான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவன் சிரித்துக்கூடப் பார்த்தான். பிறகு தேங்கிய தண்ணீர் அடியை முட்டியது. வழித்துவிட்ட கோடு சுருங்கி, வெள்ளைப் புழுவாக நெளிந்து, சட்டத்தை விட்டுக் கழன்றது. தண்ணீர் தரையில் பரவி அவள் பாதத்தை நனைத்தது.

மச்சான் எட்டிக் குழாயை மூடினான். யாரும் சிரிக்கவில்லை.

"சுரண்டிட்டு மறுபடி போட்டுடறேன். அரை மணி நேரம் போதும்."

"வேண்டாம். வேற ஆளை வெச்சுப் பார்த்துக்கறோம்" என்றாள் மனைவி.

"நாளைக்கு வரச் சொன்னியே?"

"சொன்னேன். ஒரு நாள் பொறுக்க முடியல உங்களால."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குப் பதில் இருந்தது. நனைந்த கால்மிதியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மாமனார் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்து, வாசல்வரை கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

"மாமா, நீங்களாவது அவகிட்ட..."

"பார்த்துப் போங்க மாப்ள."

அவன் படி இறங்கினான். கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. அதன்பின் மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.