தாழக்கூடாத கப்பல்

"முன்பக்கத்தைப் பிடி பிள்ளை, பின்பக்கத்தை நான் தூக்கிறன்" என்றார் நவரட்ணம்.

பட்டறைக் கொட்டிலிலிருந்து யாரோ கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்த மூன்றரை அடி விளையாட்டுச் சண்டைக்கப்பலின் முன்பக்கத்தைச் சீலா பிடித்தாள். இன்னும் அரை மணித்தியாலத்தில் அதே மேசையில் அவளுடைய புருசன் ஜொனதனின் சவப்பெட்டியை வைக்க வேண்டும். வீட்டில் வேறு பெரிய மேசை இல்லை.

"உதை வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் போடுவம். செத்தவீட்டுக்கு வாற சனம் என்ன நினைக்கும்?" என்றார் நவரட்ணம். அவர் ஜொனதனின் மூத்த அண்ணன்.

"வேண்டாம் அத்தான். என்ரை அறைக்குள்ளை வைப்பம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று சீலாவுக்கே விளங்கவில்லை. நாலு மாதமாக அந்தக் கப்பலைக் கோடிக்குள் எறியச் சொல்லிக் கத்தியவள் அவள்தான்.

ஜொனதன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். ஒரு காரியத்தைத் தொடங்கினாரென்றால் வீடு படாத பாடு படும். மாசியில் சண்டிலிப்பாய்க்குத் தோட்டக்காரப் பரமலிங்கத்தின் பம்பைத் திருத்தப் போனவர் பம்போடு திரும்பவில்லை, கப்பல் பைத்தியத்தோடு திரும்பினார். பரமலிங்கத்தின் மகன் கனடாவில் குட்டிக் கப்பல்களை ரிமோட்டால் ஓட்டிச் சண்டை பிடிக்கிற விளையாட்டில் சேர்ந்து, தகப்பனுக்கும் இரண்டு ரிமோட்டும் சின்னக் காற்றுத் துவக்குகளும் அனுப்பியிருந்தான். கப்பலின் வயிற்றுக்குள் ஒரு குட்டிக் காஸ் போத்தல். அதன் அமுக்கத்தில் சைக்கிள் போல்ஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டு பறக்கும். எதிர்க் கப்பலின் பக்கப் பலகையில் ஓட்டை விழும், தண்ணீர் ஏறும். உள்ளே இருக்கிற பம்பு அதை வெளியே துப்பத் துப்பக் கப்பல் ஓடும். பம்பு தோற்றால் கப்பல் தாழும்.

"கடைசியிலை பார்த்தால் எல்லாம் பம்பு விளையாட்டுத்தான், சீலா. எனக்கெண்டே கண்டுபிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்பார் ஜொனதன்.

சீலாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. தொண்ணூற்று மூன்றில், சண்டைக் காலத்தில், கிளாலிக் கடலைக் கடக்கப் படகேறிய அவளுடைய தம்பி கரை சேரவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கடற்கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

செவ்வாய் இரவு சாப்பிடும்போது ஜொனதன் கேட்டார். "சனிக்கிழமை முதல் சண்டை. ஒருக்கால் வந்து பாருமன்."

"கப்பல் தாழுறதைப் பார்க்க என்னை ஏன் கூப்பிடுறியள்? நான் பார்த்தது காணும். சண்டையும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். என்ரை தையல் மெசினிலை நூல் சுத்துற பொபின் ஒண்டைக் காணேல்லை, முதல் அதைத் தேடித் தாங்கோ."

அவர் எழும்பிக் கை கழுவப் போனார். புதன் காலை தேத்தண்ணியோடு பட்டறைக் கொட்டிலுக்குப் போனாள். கப்பலுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். நித்திரை என்று நினைத்து, "தேத்தண்ணி ஆறுது" என்று இரண்டு தரம் ஏசினாள். மூன்றாம் தரம் தோளைத் தொட்டபோதுதான் காலடியில் கிடந்த கத்தியைக் கண்டாள். கையிலிருந்து வழுவி விழுந்திருந்தது. நெஞ்சு நின்றுபோய்விட்டது என்றார் டொக்டர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போதகர் ஜெபம் செய்து, பாட்டுப் பாடி, சேமக்காலையில் அடக்கமும் முடிந்தது. சீலாவுக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. கடைசியாக அந்த மனுசனிடம் கேட்டது ஒரு பொபின். முப்பத்தியிரண்டு வருசம் குடும்பம் நடத்தினவளின் கடைசிக் கதை அதுவாகவா இருக்க வேண்டும்? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனம் கலைந்த பிறகும் பரமலிங்கம் போகவில்லை. நெற்றியில் திருநீறும் கையில் மடித்த துவாயுமாக வீட்டு வாசற் படலையடியில் நின்றார்.

"ரீச்சர், கப்பலை நான் கொண்டு போகட்டே? உங்களுக்கு அது கண்ணிலை படாமல் இருக்கும்."

சீலா மிசன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் ரீச்சர்தான்.

"அண்ணை, ஒண்டு கேட்கிறன். கப்பலைத் தூக்கேக்கை ஒரு பக்கம் பாரமாக் கிடந்தது. வலப்பக்கம் வெறும் சட்டம், இடப்பக்கம் கல்லு மாதிரி. ஏன் அப்பிடி?"

பரமலிங்கம் துவாயை மற்றக் கைக்கு மாற்றினார்.

"பக்கப் பலகை பஞ்சு போலை மெல்லிசா இருக்கோணும் ரீச்சர். குண்டு பட்டால் துளைக்கோணும். அதுதான் விளையாட்டு. உவர் என்ன செய்தவர் தெரியுமே? குருநகரிலை படகுக்கு ஒட்டுற பைபர் வாங்கி, ரெண்டு பக்கமும் மூண்டு படை ஒட்டிப்போட்டார். துளையாது. அப்பிடிக் கப்பலைச் சண்டைக்கு எடுக்கேலாது."

"தெரியாமல் செய்திட்டாராக்கும். புது ஆள்தானே."

"தெரியாமல் செய்யேல்லை." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எண்டைக்கெண்டாலும் ஒருநாள் சீலா பார்க்க வருவா, அண்டைக்கு என்ரை கப்பல் அவவுக்கு முன்னாலை தாழக்கூடாது எண்டவர்."

சீலா படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் விளங்கப்படுத்தினன். எங்கடை கப்பல் ஒண்டும் தாழ்ந்து துலையிறேல்லை ரீச்சர். ஒவ்வொண்டுக்குள்ளையும் நூலிலை கட்டின மிதப்பொண்டு கிடக்கும். கப்பல் தாழ, மிதப்பு மேலை வரும். நூலைப் பிடிச்சு இழுத்து, தண்ணியை ஊத்தி, ஓட்டையை ஒட்டினால் பின்னேரம் திரும்ப ஓடலாம். அதைக் கேட்டுட்டு என்ரை மிதப்பை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு, 'அப்பிடியெண்டால் அவ அதையும் ஒருக்காப் பார்க்கட்டும்' எண்டார். செவ்வாய்க்கிழமை காலமை இது."

அன்று இரவுதான் அவர் ஒருக்கால் வந்து பாருமன் என்று கேட்டது. அடுத்த நாள் விடிய எழும்பிக் கத்தியோடு பைபரை உரிக்கப் போனது. ஒரு பக்கம் முடித்திருந்தார்.

"கப்பல் இஞ்சை கிடக்கட்டும் அண்ணை" என்றாள் சீலா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை.

ஒரு கிழமை கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் கப்பலோடு கொட்டிலுக்குள் போய் இருந்தாள். மகள் லவீனா வங்கியிலிருந்து வந்து பார்த்தபோது தாய் இடப்பக்கத்துப் பைபரைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம். உன்ரை கொப்பரிலை இருந்து தொத்தினது. அந்த வெளிச்சத்தைக் கிட்டப் பிடி."

பைபர் லேசில் விடவில்லை. சூடு காட்டி, விரல் அகலம் விரல் அகலமாக உரிக்க வேண்டியிருந்தது. இரண்டு நகம் பிய்ந்தது. உரித்து முடித்ததும் பரமலிங்கம் கொண்டுவந்து தந்த மெல்லிய பலகையைச் சட்டத்துக்குச் சட்டம் அளந்து வெட்டினாள். அதில் அவளை யாரும் அசைக்க முடியாது. ரவிக்கைக்குக் கை வெட்டுகிற கை. அளவு பிசகாமல், சுருக்கம் விழாமல் ஒட்டி, மேலே மெல்லிய கடதாசி போர்த்திச் சாம்பல் நிறம் பூசினாள்.

மிதப்பு எங்கே என்று தேடியபோதுதான் கப்பலின் மேல்தட்டைக் கழற்றினாள். மீன்வலையில் கட்டுகிற செம்மஞ்சள் மிதப்பொன்று சின்னக் குழிக்குள் இருந்தது. அதன் கீழே தூண்டில் நூல் சுற்றியிருந்தது அவளுடைய பொபினில்.

"கள்ளன்" என்றாள் சீலா. லவீனா என்னவென்று கேட்டாள். அவள் பொபினை விரலால் ஒரு தரம் உருட்டிப் பார்த்தாள். சிக்கில்லாமல் சுழன்றது. எண்ணெய் போட்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை தாயும் மகளும் கப்பலை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனார்கள். தோட்டத்துக்குப் பின்னால், கல் வெட்டிய பழைய கிடங்கில் போன மாரியின் தண்ணீர் இன்னும் இடுப்பளவு நின்றது. பரமலிங்கம் தன் கப்பலையும் ஜொனதனின் கப்பலையும் இறக்கிவிட்டு, ஜொனதனின் ரிமோட்டைச் சீலாவிடம் நீட்டினார். அவள் ஜொனதனின் பட்டறைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மூக்கில் நிற்காமல் வழுக்கியது.

"முதல் சண்டையிலை சுடுறதை மறவுங்கோ ரீச்சர். ஓடித் திரிய மட்டும் பாருங்கோ. பம்பிலை ஒரு கண் இருக்கட்டும்."

"நீங்கள் பார்த்துப் பாவம் எண்டு விடக்கூடாது."

"விடமாட்டன். ஜொனதன் என்னைச் சும்மா விடுவாரே?"

சீலா ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. இடப்பக்கம் திருப்ப நினைத்தால் கப்பல் வலப்பக்கம் போனது. பின்னுக்கு எடுக்கப் போய்க் கரைக்கல்லில் இடித்தாள். சுடாதே என்று சொன்ன விசையை அமத்தி நாலு குண்டையும் வெறும் தண்ணீருக்குச் சுட்டாள். லவீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கச் சீலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பரமலிங்கத்தின் கப்பல் கிட்ட வந்தது. டப், டப் என்று இரண்டு சத்தம். அவள் அளந்து வெட்டி ஒட்டிய பலகையில் இரண்டு ஓட்டை. ஜொனதனின் பம்பு உயிர்பெற்று, பக்கத்துத் துளையால் தண்ணீரைப் பீச்சியடித்தது. நல்ல பம்பு. ஆறு ஓட்டை விழும்வரை விடாமல் துப்பியது. ஏழாவதில் கப்பல் பக்கவாட்டில் சரிந்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாகக் கீழே போனது.

தண்ணீர் வளையம் வளையமாக விரிந்து கரைக்கு வந்து அடங்கியது. சீலா ரிமோட்டை இறக்காமல் வளையங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். லவீனா அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

அந்த இடத்தில் செம்மஞ்சள் மிதப்பு மேலே வந்து, ஒரு தரம் உருண்டு நின்றது.

"நில்லுங்கோ ரீச்சர், நான் எடுத்துத் தாறன்" என்று பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"வேண்டாம் அண்ணை."

சீலா ரிமோட்டை மகளிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிக் கரையில் சோடியாக வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். இடுப்பளவு ஆழத்தில் மிதப்பைப் பிடித்து, நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுக்கத் தொடங்கினாள்.