பத்துப் பேர் சீட்டு

புரொடக்‌ஷன் மேனேஜரின் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் ஒருங்கிணைப்பாளர் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் நூற்றிருபது தையல் மெஷின்கள் ஓடின. ஆறு வருஷம் இதே ஆலையில் நான்காம் லைனில் காலர் தைத்தவள் அவள். சத்தத்தை வைத்தே எந்த லைன் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கு எல்லா லைனும் தலைதெறிக்க ஓடியது. இப்படி ஓடும் நாளில் யாரையும் வெளியே விடமாட்டார்கள்.

இப்போது அவளுக்கு வேறு வேலை. ஆறு ஆலைகளில் இருக்கும் இளம் தொழிலாளர்களுக்கு எச்.ஐ.வி. பற்றி எடுத்துச் சொல்வது, அவர்களிலேயே நான்கு பேரைப் பேசப் பழக்குவது, ஆணுறை கொடுப்பது, இரத்தம் பார்க்கக் கூட்டிப்போவது. சாப்பாட்டு நேரத்தில் படம் வைத்து விளக்கினால் பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். சோதனை என்றதும் ஒருத்தியும் இடத்தைவிட்டு அசையமாட்டாள். "ஈ காக்காய்க்குத் தெரியாது. நான் பொறுப்பு" என்று அவள் அடித்துச் சொன்ன பிறகுதான் கையை நீட்டினார்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்ற அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முதல் சோதனையில் யாருடைய இரத்தத்திலாவது சந்தேகம் வந்தால், பெரிய ஆஸ்பத்திரியில் மறுசோதனை செய்ய வேண்டும். வேலை நேரத்தில் ஒருத்தியை மட்டும் கூட்டிப்போனால் மாலைக்குள் ஆலை முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் எப்போதும் பத்துப் பேருக்குச் சீட்டு எழுதுவாள். ஒன்பது பேருக்கு இரத்தம் கம்மியா என்று பார்ப்பார்கள். பத்தாவது ஆள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வந்துவிடுவாள். அந்த ஒன்பது பேருக்கு எதுவும் தெரியாது. அரை நாள் வெளிக்காற்று கிடைத்ததே என்று ஜாலியாகக் கிளம்புவார்கள். இரண்டு வருஷத்தில் ஏழு பேரை இப்படிக் கரை சேர்த்திருந்தாள்.

எட்டாவது ஆள், சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் இருந்த இருபது வயதுப் பெண். எல்லோருக்கும் அவள் பெயரே காஜாதான். முதல் சோதனை முடிந்து மூன்று வாரமாகிறது. டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். ஒரு புதன் அவர் வரவில்லை, அடுத்த புதன் ஆலை விடவில்லை. இன்றைக்கு மூன்றாவது புதன்.

"தூக்கமே இல்லக்கா" என்று நேற்று கழிப்பறை வாசலில் கையைப் பிடித்துக்கொண்டாள் காஜா. "இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாலாவது மாத்திரையப் போட்டுட்டு இருப்பேன். ஆனா லைன்ல தெரிஞ்சுதுன்னா அவ்ளோதான். ஹாஸ்டல்ல என் தட்டைக்கூடத் தனியாத் தள்ளிடுவாளுங்க."

கதவு திறந்தது. மேனேஜர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாத முகம்.

"பத்துப் பேரா? விளையாடறீங்களாம்மா? நாளைக்கு கன்டெய்னர் கிளம்புது."

"நாலு மணி நேரந்தான் சார். இரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு பசங்களுக்கு."

"ஒரு ஆளை விடறேன். ரொம்ப மோசம் யாருன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

பேனா காத்திருந்தது. அவள் காஜாவின் பெயரைப் பார்த்தாள், உடனே பார்வையை விலக்கினாள். பார்த்ததே தப்போ என்று பயமாக இருந்தது. "எல்லாருமே ஒரே மாதிரிதான் சார்" என்றாள்.

"அப்போ அவங்களே முடிவு பண்ணட்டும்."

தடுப்பதற்குள் அவர் இறங்கிப்போய் மணியை அடித்தார். மெஷின்கள் நின்றன. பத்துப் பெயரையும் உரக்கப் படித்தார். "இதுல ஒருத்தர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க."

ஒரே கலகலப்பு. நீ போ, நான் போறேன் என்று ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். திடீரென்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "காஜாவை அனுப்பலாம்டி. பத்து நாளா மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு" என்றது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அதற்குள் ஒருங்கிணைப்பாளரும் இறங்கி மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். ஆமாம், அவளே வரட்டும் என்று சொன்னால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் ஏன் அவள் மட்டும் என்று நாளைக்கு யாராவது கேட்டால்? அவள் காஜாவைப் பார்த்தாள். காஜா அவளைப் பார்த்தாள். அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று அந்தப் பெண் காத்திருந்தது நன்றாகவே தெரிந்தது.

அவள் முகத்தை மெஷின்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் காஜா. பாதி சிரிப்பிலேயே குரல் உடைந்தது. "நூல் பிசிறு வெட்டறவதான் போன வாரம் மயங்கி விழுந்தா. அவளை அனுப்புங்க."

நியாயந்தானே என்று எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

பஸ்ஸில் பிசிறு வெட்டும் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். எல்லோரும் தனக்காக விட்டுக்கொடுத்ததை நாலு தடவை சொன்னாள். காஜாவுக்குத் தங்கமான மனசு என்றாள். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தியபோது மட்டும் கத்தினாள்.

"இரத்தம் பன்னெண்டரை இருக்கு. ஒரு குறையும் இல்ல. மயங்கி விழுந்த அன்னைக்குச் சாப்பிடாம வேலைக்குப் போயிருப்பே" என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள்.

தாழ்வாரத்தின் கோடியில், மறுசோதனை நடக்கும் ஏழாம் எண் அறையிலிருந்து லேப் பெண் எட்டிப் பார்த்தாள். "மேடம், உங்க ஆள் எங்க? டாக்டர் கிளம்பிட்டிருக்காரு. அடுத்த புதன் அவரு லீவு, தெரியுமில்ல?"

"யாரைக்கா கேக்கறாங்க?" என்றாள் பிசிறு வெட்டும் பெண், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

"யாரையும் இல்ல. நீ சாப்பிடு."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். அறைக்குள், காஜாவுக்கென்று எண் ஒட்டிய சின்னக் குழாய் ஒன்று ஸ்டாண்டில் காலியாக நின்றது. லேப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தாள். பிறகு குழாயை எடுத்து, நகத்தால் அந்த எண்ணைச் சுரண்டிக் கிழித்துவிட்டு, வேறு எண் ஒட்டி, வேறு சோதனைக்கு வந்த ஆளைக் கூப்பிட்டாள்.